நகராத படகில் ஒரு பந்தயம்

இந்திய நகரங்களில் உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்வோர் அந்தக் கருவியை எப்படியும் பார்த்திருப்பார்கள். தண்டவாளம் போல் நீண்ட ஒரு கம்பம், அதன்மேல் முன்னும் பின்னும் உருளும் இருக்கை, பாதங்களை இறுக்கிப் பிடிக்கும் வார், சங்கிலியோடு இணைந்த கைப்பிடி, முன்புறம் கூண்டுக்குள் ஒரு விசிறிச் சக்கரம். பெரும்பாலும் அது ஒரு மூலையில் கிடக்கும். டிரெட்மில் காலியாகும்வரை அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுவோர் உண்டு. அந்த ரோயிங் மெஷினை வைத்து உலகின் பல நாடுகளில் பந்தயம் நடக்கிறது என்பதும், அப்பந்தயத்துக்கெனத் தூரங்களும் வயதுப் பிரிவுகளும் சாதனைப் பட்டியல்களும் உண்டு என்பதும் அவர்களில் பலருக்குத் தெரியாது.

இந்தியாவில் உள்ளரங்கத் துடுப்புப் போட்டி இல்லாமல் இல்லை. இந்தியத் துடுப்புப் படகோட்டக் கூட்டமைப்பு தேசிய அளவில் அதை நடத்துகிறது. ஆனால் அங்கே வருவோர் மாநில அணிகளையும் படைப்பிரிவுகளையும் சார்ந்த பயிற்சி பெற்ற வீரர்கள். இங்கு அந்தக் கருவி ஒரு சல்லடை. யாரைப் படகில் ஏற்றலாம், யாரைத் திருப்பி அனுப்பலாம் என்று தீர்மானிக்கும் தேர்வுக் கருவியாகவே அது பயன்படுகிறது. நாற்பது வயது ஆசிரியையோ, வங்கி எழுத்தரோ, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரோ பெயர் கொடுத்து, எண் ஒட்டிக்கொண்டு, தம் வயதினரோடு போட்டியிட்டு வீடு திரும்பக்கூடிய அமெச்சூர் பந்தயம் ஒரு வழக்கமாக வேரூன்றவில்லை. அது வேரூன்ற வேண்டும். விளையாட்டு யாருக்கு உரியது என்ற பழைய கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் பந்தயம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லவேண்டும். ஓர் அரங்கில் கருவிகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் திரையும் கம்பிவழி ஒரு கணினியோடு இணைந்திருக்கும். பெரிய வெண்திரையில் சின்னஞ்சிறு படகுகள் இணையாக நகரும். வழக்கமான தூரம் 2000 மீட்டர். உலக அளவில் ஆடவர் சாதனை 2018-இல் ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்லி-ஸ்மித் எடுத்துக்கொண்ட 5 நிமிடம் 35.8 விநாடி. பெண்கள் சாதனை 2021-இல் அமெரிக்காவின் புரூக் மூனி எடுத்துக்கொண்ட 6 நிமிடம் 21.1 விநாடி. ஓரளவு பயிற்சியுள்ள சாதாரண மனிதருக்கு எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும்.

அந்த எட்டு நிமிடத்தின் கணக்கு இரக்கமற்றது. காற்றைக் கிழித்துச் சுழலும் சக்கரத்தை வேகப்படுத்தத் தேவையான ஆற்றல், வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது. 2000 மீட்டரை 10 நிமிடத்தில் முடிக்கச் சராசரியாக 104 வாட் போதும். 8 நிமிடத்தில் முடிக்க 203 வாட் வேண்டும். 7 நிமிடத்துக்கு 302 வாட். எட்டிலிருந்து ஏழுக்கு இறங்க நேரத்தில் எட்டில் ஒரு பங்கைக் குறைத்தால் போதும். உழைப்போ ஒன்றரை மடங்காக வேண்டும். ஆகவே இந்தப் பந்தயத்தில் ஆர்வக்கோளாறுக்கு உடனே தண்டனை கிடைக்கும். முதல் 500 மீட்டரில் கூட்டத்தின் ஆரவாரத்துக்கு மயங்கி வேகமாக இழுத்தவர், மூன்றாவது 500 மீட்டரில் மூச்சும் தொடையும் ஒருசேரக் கைவிட, திரையில் தம் படகு பின்தங்குவதைப் பார்த்துக்கொண்டே இழுக்கவேண்டியிருக்கும். தம் உடலை அறிந்தவரே இங்கு நன்றாக முடிக்கிறார். அந்த அறிவு வயதோடு வளரக்கூடியது. இளைஞர்களின் தனிச்சொத்தாக அது இருந்ததில்லை.

கருவியின் நேர்மையும் குறிப்பிடத்தக்கது. விசிறிக் கூண்டின் பக்கத்தில் ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட ஒரு நெம்பு உண்டு. அதைப் பத்தில் வைத்தால் வேகமாகப் போகலாம் என்று புதியவர்கள் எண்ணுவது இயல்பு. உண்மையில் அது உள்ளே போகும் காற்றின் அளவை மட்டுமே மாற்றுகிறது. கைப்பிடி திரும்பிச் செல்லும் ஒவ்வொரு முறையும் சக்கரம் எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்பதைக் கருவி அளந்து, அதற்கேற்ப அடுத்த இழுப்பின் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. தூசி படிந்த பழைய கருவியில் இழுத்தவருக்கும் புதியதில் இழுத்தவருக்கும் உழைப்புக்கு ஏற்ற தூரமே எழுதப்படும். காற்றின் திசை, நீரோட்டம், நல்ல பாதை, மோசமான பாதை என்ற சாக்குகளுக்கு இடமில்லை.

நிலத்தில் துடுப்புப் பழகும் வழக்கம் மிகப் பழையது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸ் தளபதி கப்ரியாஸ், கரையில் மரச்சட்டங்களை அமைத்துப் புதிய துடுப்பாளர்களைப் பழக்கியதாகப் பண்டைய நூற்குறிப்பு ஒன்று உண்டு. இன்றைய கருவிக்குத் தந்தையர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த டிரைசிகாக்கர் சகோதரர்கள். கான்செப்ட்-2 என்ற அவர்களுடைய நிறுவனம் 1981-இல் சைக்கிள் சக்கரத்தைக் கொண்டு முதல் கருவியை விற்பனைக்கு விட்டது. பந்தயம் பிறந்ததோ ஓர் அரசியல் ஏமாற்றத்தின் நிழலில். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தது. இந்தியா அங்கே சென்று ஹாக்கியில் தங்கம் வென்ற அதே ஒலிம்பிக் அது. போட்டியிட இடமின்றி நின்ற அமெரிக்கத் துடுப்பாளர்களின் வட்டத்திலிருந்து, பாஸ்டன் பகுதியில், குளிர்காலச் சலிப்பைப் போக்க ஒரு விளையாட்டுத்தனமான பந்தயம் தொடங்கியது. தங்களைச் சார்லஸ் ஆற்றின் ‘முன்னாள் நட்சத்திரங்கள்’ என்று கேலியாகப் பெயரிட்டுக்கொண்டார்கள். கிராஷ்-பி என்ற அந்தப் பந்தயத்தில் வென்றவருக்குப் பரிசு, ஒரு சுத்தியல். பின்னர் அதுவே உலகப் போட்டியாக வளர்ந்தது. உலகத் துடுப்புப் படகோட்டக் கூட்டமைப்பு 2018-இல் தன் பெயரிலேயே முதல் உள்ளரங்க உலகப் போட்டியை நடத்தியது.

இங்கே ‘அமெச்சூர்’ என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். துடுப்புப் படகோட்டத்தில் அச்சொல்லுக்கு ஒரு கறை உண்டு. இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியினர் 1879-இல் வகுத்த விதிப்படி, கூலிக்குக் கைவேலை செய்பவர், கைவினைஞர், தொழிலாளி எவரும் அமெச்சூர் ஆகமாட்டார். உடலுழைப்பால் பிழைப்பவருக்கு உடல் வலிமையில் முறையற்ற முன்னுரிமை கிடைத்துவிடுமாம். 1920-இல் செங்கல் கொத்தனாராக இருந்த அமெரிக்கர் ஜான் கெல்லியின் விண்ணப்பத்தை ஹென்லி நிராகரித்தது. அவர் சார்ந்த சங்கத்தின்மீது இருந்த பழைய தகராறும் அதற்கு ஒரு காரணம் என்றாலும், கொத்தனார் என்பதே வரலாற்றில் நின்ற காரணம். அதே ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் இரண்டு தங்கம் வென்றார். 1936-இல் ஆஸ்திரேலியக் காவலர்களின் அணியும் ஹென்லிக்கு வெளியே நிறுத்தப்பட்டது. அதன் பிறகே, 1937-இல், உடலுழைப்பாளரை விலக்கும் அந்த வாசகம் நீக்கப்பட்டது. தொழிலைக் கொண்டு மனிதரைத் தண்ணீருக்கு அருகில் விடாத ஒரு விதியை இந்திய வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. குளத்தங்கரைகளில் எழுதப்படாமலேயே செயல்பட்ட அதன் உறவினர் விதிகளை இந்நாடு நன்கு அறியும்.

காலனிய இந்தியாவின் படகுச் சங்கங்கள் அந்த உலகத்தின் கிளைகள்தாம். கல்கத்தா 1858, சென்னை 1867, புனே 1868 என்று அவை அடுத்தடுத்துத் தோன்றின. ஐரோப்பியர்களின் மாலைப்பொழுதுக்காக எழுந்த அந்தப் படகுத் துறைகள் விடுதலைக்குப் பின் இந்தியர்களின் கைக்கு வந்தன. எனினும், உறுப்பினராவது எளிதாகிவிடவில்லை. ஏரியும் ஆறும் அருகில் இருக்கவேண்டும். அதன் கரையில் சங்கம் இருக்கவேண்டும். சங்கத்துக்குள் நுழையத் தகுதி இருக்கவேண்டும்.

இந்தச் சுவரைத் தாண்டி இந்தியத் துடுப்பை உலகுக்குக் கொண்டுசென்றவர்கள் சங்க உறுப்பினர்கள் அல்லர், சிப்பாய்கள். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் துடுப்பில் இந்தியாவின் முதல் தங்கத்தை வென்ற பஜ்ரங் லால் தாக்கர், வறண்ட ராஜஸ்தானின் மகன். ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் துடுப்பில் 13-ஆம் இடம் பெற்ற தத்து போகனல், நாசிக் மாவட்டத்தின் நீர்ப்பஞ்சப் பகுதியில் பிறந்து, கிணறு வெட்டும் வேலை செய்து, 2012-இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகே துடுப்பைத் தொட்டவர். தண்ணீர் தேடி மண்ணைத் தோண்டிய கைகள் அவை. 1879-இன் விதி இன்றும் இருந்திருந்தால், கெல்லிக்கு மூடிய கதவு அவருக்கும் மூடியிருக்கும்.

ஆனால் ராணுவம் திறந்த கதவும் மிகக் குறுகியது. உயரமும் நீண்ட கைகளும் இளமையும் உள்ள சில நூறு பேருக்கே அது திறக்கும். பதக்கம் வெல்லும் அமைப்பாக அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாட்டின் விளையாட்டு முழுவதும் அதுவாகவே இருந்தால்தான் குறை. பள்ளியில் ஓடியவர், கல்லூரியில் கபடி ஆடியவர், இருபத்தைந்தாம் வயதில் வேலைக்குச் சேர்ந்ததும் பார்வையாளராகிவிடுகிறார். பெண்களில் பெரும்பாலோருக்கு அந்த வயதும் நீள்வதில்லை. அதன்பின் உடற்பயிற்சி என்பது சர்க்கரை அளவுக்காகவும் மருத்துவர் சொன்னதற்காகவும் நிறைவேற்றும் கடமை. போட்டியிடும் இன்பம், தோற்று மறுபடி வரும் பிடிவாதம், தன் வயதுள்ள அந்நியர் ஒருவரை வியந்து பார்க்கும் வாய்ப்பு ஆகியவை அவர்களிடமிருந்து சத்தமின்றிப் பறிக்கப்படுகின்றன. நெடுந்தொலைவு ஓட்டப் பந்தயங்கள் கடந்த இருபது ஆண்டுகளில் இந்திய நகரங்களில் இந்த நிலையை ஓரளவு மாற்றின. ஓட இயலாதவர்களுக்கு அங்கும் இடமில்லை.

உள்ளரங்கத் துடுப்பு அந்த இடத்தை நிரப்பக்கூடியது. இருக்கை உடலின் எடையைத் தாங்குவதால், ஓட்டத்தில் முழங்காலும் கணுக்காலும் வாங்கும் தொடர் அதிர்ச்சி இதில் இல்லை. தொண்ணூறைத் தாண்டியவர்களுக்கும் பிரிவு வைக்கும் போட்டிகள் இருக்கின்றன. அயர்லாந்தில் எழுபத்து மூன்றாம் வயதில் முதன்முதலாகத் துடுப்புப் பயிற்சியைத் தொடங்கிய முன்னாள் ரொட்டித் தொழிலாளி ஒருவர், தொண்ணூறு வயதைக் கடந்தும் தம் பிரிவில் உலகப் பட்டம் வென்றார். அவருக்கு 92 வயதானபோது ஆய்வாளர்கள் அவரைச் சோதனைக் கூடத்தில் இழுக்கவைத்து அளந்தனர். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 153 வரை ஏறியது. அந்த முதியவரை அபூர்வ மனிதர் என்று போற்றி ஒதுக்கிவிடுவது எளிது. எழுபத்து மூன்று வயதுக்காரர் ஒருவர் போட்டியாளராகத் தொடங்குவதற்கு அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது என்பதே கவனிக்கவேண்டியது.

மாற்றுத்திறனாளிகளுக்கும் இவ்விளையாட்டில் தெளிவான பிரிவுகள் உண்டு. தோளும் கையும் மட்டும் இயங்குவோர், உடற்பகுதியும் சேர்ந்து இயங்குவோர், காலும் ஓரளவு இயங்குவோர் என மூன்றாகப் பிரித்து, பார்வைக் குறையுடையோருக்கும் இடம் தரப்படுகிறது. கண்ணிவெடியில் காலை இழந்த சிப்பாய் கொங்கனபள்ளி நாராயணா, புனேயில் ராணுவத்தின் துடுப்புப் பயிற்சி மையத்தில் தேறி, அனிதாவுடன் இணைந்து 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் துடுப்பு வலித்தார். அவரைப் போன்றோருக்கு ஒரு படைப்பிரிவின் ஆதரவு இருந்தது. சாலை விபத்தில் காலை இழந்த ஒரு சிற்றூர் இளைஞருக்கு மாவட்டத் தலைநகரில் ஓர் அரங்கமும் ஒரு கருவியும் ஒரு போட்டித் தேதியும் இருந்தால், அதுவே தொடக்கமாகும்.

உடல்வாகு பற்றிய நியாயமும் பேசப்படவேண்டும். இவ்விளையாட்டில் உயரமும் எடையும் பெரிய மூலதனம். நகராத கருவியில் கூடுதல் எடைக்குத் தண்டனையே கிடையாது. தண்ணீரிலாவது படகு அமிழ்ந்து இழுவை கூடும். எனவே ஆடவருக்கு 75 கிலோ, பெண்களுக்கு 61.5 கிலோ என்ற வரம்புக்குள் இலகு எடைப் பிரிவு உள்ளரங்கப் போட்டிகளில் உருவானது. இந்தியரில் மிகப் பலர் இயல்பாகவே இந்தப் பிரிவில் அடங்குவர். தண்ணீரில் இலகு எடைப் பிரிவு 2024 பாரிஸோடு ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றுவிட்டது. டோக்கியோவில் அர்ஜுன் லால் ஜாட்டும் அரவிந்த் சிங்கும் இந்தியாவுக்கு 11-ஆம் இடத்தைத் தேடித்தந்தது அந்தப் பிரிவில்தான். மேலே கதவு மூடப்பட்ட நிலையில், சிறிய உடல்வாகினர் சமமாகப் போட்டியிடும் இடங்களைக் கீழே காப்பாற்றும் பொறுப்பு அமெச்சூர் பந்தயங்களுக்கு உண்டு. எடை வரம்புக்காகப் பட்டினி கிடப்பதும் நீரருந்தாமல் உடலை வற்றவைப்பதும் இப்பிரிவின் பழைய நோய். பொழுதுபோக்குப் பந்தயத்தில் அதற்கு ஒரு துளியும் இடம் தரக்கூடாது. எல்லைக்கோட்டில் நிற்பவரைத் தயங்காமல் மேல் பிரிவுக்கு அனுப்பும் வழக்கமே நல்லது.

எதிர்வாதங்கள் வலுவானவை. முதலாவது, இது படகோட்டமே அன்று என்பது. தண்ணீரின் சமநிலை, துடுப்பை மூழ்கவைக்கும் நுட்பம், காற்றைப் படிக்கும் கண் எதுவும் இங்கே தேவையில்லை. கருவியில் சிங்கமாக இழுப்பவர் படகில் தத்தளிப்பதும் உண்டு. இவை அனைத்தும் உண்மை. செம்மண் அகாடாவில் நடக்கும் மல்யுத்தமும் விரிப்பின்மேல் நடக்கும் மல்யுத்தமும் வேறு வேறு என்பதும் அதே அளவு உண்மை. ஒன்றை மற்றதன் குறைபட்ட நகலாகப் பார்க்கும்வரை இரண்டுக்கும் நீதி கிடைக்காது. மேலும், தண்ணீர் தன் விலையைக் கேட்கும். 2022 மே மாதம் கொல்கத்தாவின் ரவீந்திர சரோவரில் பயிற்சியில் இருந்த இரண்டு பள்ளி மாணவர்களைப் புயற்காற்று பலிகொண்டது. நீச்சல் தெரியாதவரும் அச்சமின்றி இழுக்கலாம் என்பது உள்ளரங்கத்தின் சிறிய சலுகை எனக் கருதத்தக்கதன்று.

இரண்டாவது எதிர்வாதம் பணம். தரமான கருவி ஒன்றின் விலை ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். பழைய சங்கங்களின் வேலியை இடித்துவிட்டு விலைச்சீட்டால் புதிய வேலி கட்டுவதாகாதா? கருவியைத் தனித்தனியே வீட்டுக்கு வாங்கினால் அப்படித்தான் ஆகும். பொதுவில் வைத்தால் நிலைமை வேறு. ஒரு பந்தயச் சுற்று பத்து நிமிடத்தில் முடிகிறது. பத்துக் கருவிகள் இருந்தால், இடைவேளையும் சேர்த்து, ஒரே நாளில் இருநூறு பேர் போட்டியிட்டுவிடலாம். பல்கலைக்கழகங்களிலும் விளையாட்டு ஆணையத்தின் மையங்களிலும் காவல்துறைப் பயிற்சிக் கூடங்களிலும் ஏற்கெனவே இருக்கும் கருவிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அரங்கில் சேர்த்தாலே முதல் பந்தயத்துக்குப் போதும்.

மூன்றாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. அதற்கு முழுமையான விடையும் இல்லை. ஒரே ஒரு தனியார் நிறுவனத்தின் கருவியே இவ்விளையாட்டின் அளவுகோலாக இருக்கிறது. 100 மீட்டர் ஓட்டத்தில் மீட்டர் எவருக்கும் சொந்தமில்லை. இங்கே மீட்டர் ஒரு நிறுவனத்தின் கணக்குச் சூத்திரத்திலிருந்து வருகிறது. போட்டியாளர்களின் பதிவுகள் சேர்வதும் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் இணையப் பட்டியலில். சூத்திரம் வெளிப்படையாகவே இருக்கிறது என்பது ஆறுதல். ஆனாலும் இந்தியப் பந்தயங்கள் தம் முடிவுகளைத் தாமே பொதுவில் வெளியிட்டுக் காக்கவேண்டும். குறைந்த விலையில் உள்நாட்டுக் கருவி ஒன்றை அதே துல்லியத்தோடு உருவாக்குவது இந்தியப் பொறியியல் கல்லூரிகளுக்கு எட்டாத வேலையன்று.

நான்காவது, உடல்நல அபாயம். பயிற்சியில்லாத நடுத்தர வயது இதயத்தை எட்டு நிமிடம் உச்சத்தில் ஓட்டுவது விளையாட்டல்ல. தவறான முறையில் குனிந்து இழுத்தால் கீழ்முதுகு பழுதாகும். அளவு மீறினால் விலா எலும்பில் விரிசல் விழும். எனவே புதியவர்களை 2000 மீட்டரில் இறக்காமல் 500 மீட்டரிலும் நால்வர் தொடர் பந்தயத்திலும் தொடங்கவைக்கவேண்டும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு மருத்துவர் சான்று கட்டாயமாக வேண்டும். கையால் வெட்டி இழுக்காமல், முதலில் காலால் தள்ளி, பின் முதுகைச் சாய்த்து, கடைசியில் கையை மடக்கும் வரிசையைப் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பே இலவசமாகக் கற்பிக்கவேண்டும். இவற்றைச் செய்ய மனமில்லாத அமைப்பு பந்தயம் நடத்தாதிருப்பதே நலம்.

பாஸ்டன் பந்தயத்திலிருந்து இந்தியா எடுத்துக்கொள்ளத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. படகில் சுக்கான் பிடித்து அணியை ஊக்குவிப்பவருக்குக் கருவியில் வேலையில்லை. ஆயினும் அங்கே போட்டியாளரின் பின்னால் ஒருவர் அமர்ந்து, மீதித் தூரத்தைச் சொல்லி, மூச்சை நினைவூட்டி, இறுதி இருநூறு மீட்டருக்குக் குரல் கொடுப்பார். துணை இல்லாமல் வந்தவருக்குத் தன்னார்வலர் ஒருவர் அந்த இடத்தில் அமர்வார். தனியாக வந்த அறுபது வயதுப் பெண்மணி ஒருவருக்குப் பின்னால், அவரை முன்பின் அறியாத மாணவர் ஒருவர் அமர்ந்து எண்ணிச் சொல்லும் காட்சி இந்திய அரங்குகளிலும் வேண்டும்.

கூட்டமைப்பும் மாநிலச் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் செய்யவேண்டியவை அதிகமில்லை. தேசியப் போட்டி நடக்கும் அதே அரங்கில், வீரர்கள் கிளம்பிய மறுநாள், அதே கருவிகளில் ஒரு திறந்த பந்தயம் நடத்தலாம். சங்க உறுப்பினர் தகுதி கேட்கக் கூடாது. நுழைவுக் கட்டணம் ஒரு நாள் கூலியை விழுங்கக் கூடாது. வயது, எடை, இயக்கத்திறன் ஆகியவற்றைத் தவிர வேறெதன் அடிப்படையிலும் பிரிக்கக் கூடாது. பெண்களின் சுற்றுகளைக் காலை ஆறு மணிக்கோ இரவு எட்டுக்கோ ஒதுக்காமல், கூட்டம் நிறைந்திருக்கும் நடுப்பகலில் வைக்கவேண்டும். முடிவுப் பட்டியலை முதல் மூவரோடு நிறுத்தாமல், கடைசியாக முடித்தவரின் பெயரும் நேரமும்வரை அச்சிட்டுச் சுவரில் ஒட்டவேண்டும். அடுத்த ஆண்டு அவர் திரும்பிவந்து தாண்டவேண்டிய எண் அதில்தான் இருக்கும்.